காத்து கொண்டுபோன பாடம்

ஜூன் 12, திங்கள்

முதல் நாள் நன்றாக நடந்தது. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சமுதாயக்கூடத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் உப்பளத்தில் வேலை செய்கிற தாய்மார்கள். விடியுமுன் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பி, குளித்து, சமைத்து, மூன்று மணிக்கு இங்கே வந்து உட்கார வேண்டும். எட்டாவதிலோ பத்தாவதிலோ படிப்பை விட்டவர்கள். பத்து வாரத்தில் இவர்களை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக ஆக்குவது எங்கள் தொண்டு நிறுவனத்தின் திட்டம். தேறுகிறவர்களுக்கு இங்கேயே தொடங்கப்போகும் மையத்தில் முழுநாள் வேலை. காலையில் கைப்பிள்ளைப் பருவம் தாண்டிய குழந்தைகள், மாலையில் பள்ளிப் பிள்ளைகள்.

ஆக்குவது என் வேலை. விளம்பரத்தில் 'பாடப்பொருள் தயாரித்தல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். அதன் கீழே 'பயிற்சி அளித்தல்' என்று இருந்தது என் கண்ணில் படவில்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். கரும்பலகையில் எழுத நிறைய இருந்ததால் அதைப் பார்த்தே பேசும்படி ஆயிற்று.

முடிந்ததும் முப்புடாதி என்பவர், "டீச்சர், உங்க பேரு என்னன்னு சொல்லவே இல்லையே?" என்றார்.

"ஆவுடைச்செல்வி."

"எம்மா! எவ்வளவு பெரிய பேரு, எவ்வளவு சின்னச் சத்தத்துல சொல்லுதியள்!"

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த சுடலைவடிவு மட்டும் சிரிக்காமல் என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூன் 15, வியாழன்

சுடலைவடிவை எல்லோரும் வடிவக்கா என்கிறார்கள். வடிவக்காவின் நோட்டைத் திருத்த எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. நான் கரும்பலகையில் எழுதியவை எல்லாம் எழுதிய இடத்திலேயே இருந்தன. ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, கையால் அழித்து, மறுபடி எழுதியிருந்தேன். அவரும் அதே தப்பை எழுதி, விரலில் எச்சில் தொட்டு அழித்து, மேலே எழுதியிருந்தார். தாள் ஓட்டையாகிவிட்டது.

"இது எதுக்குக்கா?"

"நீங்க அப்படித்தானே செஞ்சிய? அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லா?"

காரணம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 21, புதன்

வடிவக்கா பாயில் உட்காரும்போது இடது காலை நீட்டியே வைத்திருக்கிறார். மரியாதைக்குறைவாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று இன்று அவரே சொன்னார். குதிகாலில் விரல்நுனி நுழைகிற அளவுக்கு வெடிப்பு. உள்ளே சிவப்பு. ஆறு மாதமாக ஆறவில்லையாம். உப்புத்தண்ணீரில் நிற்கக் கூடாது, காலை உலர வைக்க வேண்டும், இல்லையென்றால் குதிகாலை வெட்ட வேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"என்ன செய்யப் போறீங்கக்கா?"

"அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். உங்க பரீச்சையில தேறிட்டா என் காலு காயும் டீச்சர்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். அதன்பின் நான் என்ன பாடம் நடத்தினேன் என்பது நினைவில் இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

கரும்பலகை துடைக்கும் துணியைக் காணவில்லை. துப்பட்டாவால் துடைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 5, புதன்

இன்று முதல் முறையாகப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்குப் பத்து நிமிடம்.

முதலில் பிரகாசி. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, முந்தானை நுனியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, ஏதோ சொன்னார். முன்னால் இருந்த பிள்ளைக்கே கேட்டிருக்காது. அடுத்து முப்புடாதி. ஊரையே சிரிக்க வைக்கிற பெண். அவரும் அப்படியே திரும்பி நின்று, அப்படியே முணுமுணுத்தார். மேசை மேல் துணி இருக்க, கரும்பலகையை முந்தானையால் துடைத்தார். ஆறு பேரும் ஒரே மாதிரி. வடிவக்கா எல்லோரையும்விட மெதுவாக, எல்லோரையும்விட நன்றாகத் திரும்பி நின்றார்.

நாலாவது ஆள் முடிப்பதற்குள் ஏழு பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றுகிறது. இவர்கள் வருடக்கணக்காக உப்பின் வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள். கண் கூசும். பிள்ளைகளுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. வெளிச்சத்தைத் தாங்க முடியாமல்தான் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார்கள். அறிக்கையில் இதை விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

ஜூலை 7, வெள்ளி

ஜன்னல்களை மூடினோம். தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போய் இப்போது திறக்க வரவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது. அவர்கள் இன்னமும் திரும்பித்தான் நிற்கிறார்கள்.

ஜூலை 12, புதன்

ஒருங்கிணைப்பாளர் பிரபாவதி மேடம் தூத்துக்குடியிலிருந்து வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து மூன்று பேரின் வகுப்பைப் பார்த்தார். வெளியே வந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா ஆவுடை, இவங்களுக்கு வாயே வராது போலிருக்கே?" என்றார்.

கண் கூச்சத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வாசிச்சேன். நல்லா எழுதியிருந்த. ஆனா பாரு, இப்ப உள்ள இருட்டால்ல இருக்கு?"

தேர்வு ஆகஸ்ட் 24ஆம் தேதி. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து மதிப்பெண் போடுவார்கள். தேறாதவர்களுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான்.

காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னார். தலைமை அலுவலகத்தில் பாடப்பொருள் எழுத ஓர் ஆள் வேண்டுமாம். "உன் எழுத்து எனக்குப் பிடிச்சிருக்கு. இது முடிஞ்சதும் செப்டம்பர் ஒண்ணாம் தேதி வந்துடு. யார்கிட்டயும் பேச வேண்டிய வேலையில்ல."

தனி மேசை உண்டாம். மின்விசிறி உண்டாம். மகிழ்ச்சி.

வடிவக்கா வாசலில் நின்று கேட்டார்: "பெரிய மேடம் என்ன சொன்னாவ?"

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றேன்.

ஜூலை 13, வியாழன்

அம்மா போனில் பேசினாள். பீடி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "எத்தன பேருக்குட்டி நீ பாடம் நடத்துத?" என்றாள். ஆறு பேர் என்றேன். "ஆறு பேரும் ஒன்னிய டீச்சர்னா கூப்பிடுதாவ?" ஆமாம் என்றேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

கல்லூரியில் இறுதியாண்டுக் கருத்தரங்கில் என் முறை வந்தபோது எனக்கு வயிற்றுவலி வந்தது. என் கட்டுரையைத் தோழி வாசித்தாள். நல்ல கட்டுரை என்று பேராசிரியர் சொன்னார். அது உண்மையான வயிற்றுவலிதான். இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19, புதன்

வடிவக்கா இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. பிற்பகலும் உப்பளத்தில்தான் இருக்கிறாராம். நேரில் பார்க்கலாம் என்று காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்குப் போனேன்.

இவ்வளவு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கடல் பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. பாத்திகள் வெள்ளை வெள்ளையாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கு ஆட்கள் கத்தித்தான் பேசுகிறார்கள். கேட்கவில்லையென்றால் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, "காத்து!" என்கிறார்கள். நீ சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது, மறுபடி சொல் என்று அர்த்தம். அதில் கோபம் கிடையாது. கையைப் பார்த்ததும் அந்த ஆள் தலையை நிமிர்த்தி, இன்னும் உரக்கச் சொல்கிறார். முதலாளியின் கணக்குப்பிள்ளை பேசும்போதும் முப்புடாதி கையைத் தூக்கி "காத்து!" என்றார். அவரும் மறுபடி சொன்னார்.

வடிவக்கா காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு பாத்தியில் நின்றிருந்தார். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு உப்பு வாரச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நீளமான கழியின் நுனியில் பலகை அடித்த கருவி. அந்தப் பெண் அதைப் பிடித்து இழுத்தால் உப்போடு சேறும் வந்தது.

"அமுக்காதட்டி! அமுக்குனா அடிச்சேறு வரும். மேலாப்புல இழு. உப்ப மட்டும் கூப்பிடு, சேத்தக் கூப்பிடாத. ஆங், அப்படித்தான்! இன்னொருக்க. தப்பா வந்தாலும் பரவாயில்ல, இழுத்துட்டு என் மூஞ்சியப் பாரு!"

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது இழுப்பில் வெறும் உப்பு வந்தது. அரை மணி நேரம் வரப்பில் நின்று பார்த்தேன். பி.எட். படித்தவர்கள்கூட இப்படிச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கண் கூச்சம் பற்றி நான் எழுதியது தவறு. வெயில் முழுக்க உப்பில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. வடிவக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார்.

ஜூலை 20, வியாழன்

வகுப்பில் கேட்டுவிட்டேன். கரும்பலகையைப் பார்த்துத்தான் கேட்டேன் என்பதை இப்போது எழுதிவைக்கிறேன்.

"உப்பளத்துல அவ்வளவு நல்லா பேசுறீங்க, சொல்லிக்கொடுக்குறீங்க. இங்க மட்டும் ஏன் திரும்பி நின்னுக்கிட்டு, மெதுவா..."

முதுகுக்குப் பின்னால் முப்புடாதியின் குரல் வந்தது. விளையாட்டே இல்லாத குரல்.

"டீச்சர்மாரு அப்படித்தானே பேசுவாவ? நீங்க அப்படித்தானே பேசுதிய?"

திரும்பினேன். என் சுட்டுவிரலில் துப்பட்டாவின் நுனி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

வடிவக்கா சொன்னார்: "எங்க காலத்து டீச்சர்மாரு கத்துவாவ, கம்பெடுப்பாவ. எட்டாப்புல என் கை வீங்கினதுக்குப் பொறவுதான் நான் போறதில்லன்னு நின்னுட்டேன். நீங்க ஒருநாளும் எங்கள ஏசல. தப்பா எழுதுனாக்கூட ஏறிட்டுப் பாக்க மாட்டிய. அப்ப நல்ல டீச்சர்னா இப்படித்தான் இருக்கணும்போலன்னு நாங்க பேசிக்கிட்டோம். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகினோம் டீச்சர். லேசுல வரல."

ஜூலை 21, வெள்ளி

காய்ச்சல் என்று சொல்லி வகுப்பை நிறுத்திவிட்டேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 24, திங்கள்

மூன்று மணிக்கு ஆறு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வரும் வழியில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளை எடுக்கவில்லை.

"அக்கா, நான் அப்படி நிக்கிறது நல்ல டீச்சர்ங்கிறதுனால இல்ல. எனக்குப் பயம். அதான்."

"யாரப் பாத்துப் பயம்?" என்றார் பிரகாசி.

"உங்களப் பாத்துத்தான்."

முப்புடாதி தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "என் வீட்டுக்காரரு ஒருத்தருதான் என்னப் பாத்துப் பயப்படுதாருன்னு நெனைச்சேன். நீங்களுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்போல. வடிவக்கா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆறு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியது எல்லாம் வீண் என்று நான் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது.

முடிவில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். இந்தக் கூடத்திலும் யாருக்குக் கேட்கவில்லையென்றாலும் கையைத் தூக்கி "காத்து!" என்று சொல்லலாம். பிள்ளைகளும் சொல்லலாம். எனக்கும் சொல்லலாம்.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் எனக்கு ஒன்பது முறை சொன்னார்கள்.

ஜூலை 30, ஞாயிறு

மாலையில் ஆள் இல்லாத உப்பளத்தில் பயிற்சி. நான் ஒரு வரப்பில், அவர்கள் நாலு பாத்தி தள்ளி அடுத்த வரப்பில். ஒவ்வொருவராக அங்கிருந்து எனக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். அதற்கு முன்னால் நான் அவர்களுக்கு நடத்த வேண்டும் என்று முப்புடாதி சட்டம் போட்டார்.

ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தினேன். ஏழேழு வரும்வரை ஆறு கைகளும் மேலேயே இருந்தன. ஏழெட்டில் ஒரு கை இறங்கியது. அது இறங்கியதும் என்னவோ ஆகிவிட்டது. ஏழு பத்து எழுபது என்பதைத் தூத்துக்குடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

தொண்டை கட்டிவிட்டது. அம்மாவுடன் பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

பிரகாசி தேறிவிடுவார். முப்புடாதி வகுப்பில் பிள்ளைகள் சிரித்துப் புரள்கிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். மற்ற மூவரும் பரவாயில்லை.

வடிவக்காவுக்கு மட்டும் வரவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்ததும் உடம்பு தானாகத் திரும்பிவிடுகிறது. "காத்து!" என்றால் ஒரு வரி உரக்க வருகிறது. அடுத்த வரி இறங்கிவிடுகிறது. என்னிடமிருந்து எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டவர் அவர்தான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வடிவக்காவின் கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் உப்பளத்துக்குப் போகிறார். மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும், அதற்குள் முடிந்தவரை போக வேண்டும் என்கிறார். தேறாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாடத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். பத்துகளும் ஒன்றுகளும். பத்துப் பெட்டி உப்பு சேர்ந்தால் ஓர் அம்பாரம். குவியலை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அது அவரே சொன்ன யோசனை.

ஆகஸ்ட் 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதிப்பீட்டாளர்கள் இருவர். பட்டுச்சேலை கட்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர். பிரபாவதி மேடம் அவர்கள் பக்கத்தில். நான் கடைசி வரிசையில் சுவரோரம். பயிற்றுநர் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் குறுக்கே பேசாமல் கைகட்டி உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொன்னார். அப்படியென்றால் யாரும் 'காத்து' சொல்ல முடியாது.

ஐந்து பேர் நன்றாகச் செய்தார்கள். ஆறாவது வடிவக்கா.

நொண்டிக்கொண்டே போய் நின்றார். பிள்ளைகளைப் பார்த்தார். பட்டுச்சேலையைப் பார்த்தார். சுண்ணக்கட்டியை எடுத்தார். திரும்பிவிட்டார்.

முந்தானை நுனி விரலில் சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று. இரண்டு. பத்து என்று ஏதோ சொன்னார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைகட்டி இருந்ததால் யாரும் கையைத் தூக்கவில்லை. தலைமையாசிரியை தாளில் எதையோ எழுதத் தொடங்கினார். அவர் பேனா நகர்வதை நான் பார்த்தேன்.

வயிற்றுவலி வந்தது. உண்மையான வயிற்றுவலி.

அதோடேயே எழுந்து நின்றேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

"காத்து!"

மூடிய கூடத்தில் அது எங்கெங்கோ மோதித் திரும்பி வந்தது. என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று அதிகாரிகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிரபாவதி மேடம் வாய் திறந்தபடி இருந்தார். நான் கையை இறக்கவில்லை.

வடிவக்கா திரும்பினார். முதலில் என்னைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பத்து வாரத்தில் முதல் முறை. முந்தானையை விரலிலிருந்து உதறி இடுப்பில் செருகினார். சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார்.

"ஏலே, எல்லாரும் எந்திரிங்க! கைகட்டுனா உப்பு யாரு சொமக்க? இந்தா, நீ ஒரு பெட்டி, நீ ஒரு பெட்டி. ஒம்பது ஆச்சா? அம்பாரம் ஆயிட்டா?"

"இல்ல!"

"ஏன் இல்ல? எண்ணிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

பிள்ளைகள் கூடம் முழுக்க உப்புச் சுமந்தார்கள். இரண்டு அம்பாரமும் மூன்று பெட்டியும் இருபத்து மூன்று என்று கடைசிப் பிள்ளை கண்டுபிடித்தபோது நேரம் முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. யாரும் மணியடிக்கவில்லை.

நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

ஆறு பேரும் தேறிவிட்டார்கள். வடிவக்காவுக்குத் தொடக்கத்தில் குறைத்த மதிப்பெண் போக, தேர்ச்சிக்கு மேல் இரண்டு. அதற்குக் கீழே என்னைப் பற்றி ஒரு வரி: 'பயிற்றுநர் தேர்வின் நடுவே சத்தமிட்டார். விளக்கம் கேட்கவும்.'

மேடம் போனில் கேட்டார். காற்று பலமாக அடித்ததால் கேட்கவில்லை, அதனால்தான் என்றேன்.

"ஜன்னல் எல்லாம் மூடியில்ல இருந்துச்சு?"

"ஆமா மேடம்."

மேடம் அதை அதோடு விட்டுவிட்டார். பிறகு, "அந்த அலுவலக வேலைக்கு ஒண்ணாம் தேதி வரச் சொல்லியிருந்தேனே?" என்றார். எனக்கு அது மறந்தே போய்விட்டது.

செப்டம்பர் 11, திங்கள்

அடுத்த ஊர். புதிய தாய்மார்கள் எட்டுப் பேர். இங்கே கூடம்கூட இல்லை, பள்ளிக்கூடத்தின் பழைய சத்துணவு அறை.

முதல் நாள் துணைக்கு யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்று பழைய ஊர் மையத்தில் சொல்லியிருந்தேன். வடிவக்கா வந்தார். காலில் செருப்பு போட்டிருந்தார். அவரைச் செருப்போடு இதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாசலில் கழற்றி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை ஒழுங்காக வைத்துவிட்டு, கடைசி வரிசையில் சுவரோரம் போய் உட்கார்ந்தார். இடது காலை மடக்கித்தான் உட்கார்ந்தார்.

எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். வணக்கம் என்றேன். என் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். எப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து வந்தது:

"காத்து!"